வலப்பக்கத்தில் நின்றவர்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
2024 மே 7

அன்பின் ஜவ்பர் நானா,

நானும் இன்பமலரும் நலம். நோன்புக் களைப்பெல்லாம் தீர்ந்து நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய வட்டிலப்பத்தில் எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது. எனக்குச் சீனி வருத்தம் இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டே மிச்சத்தை இன்பமலர் சாப்பிட்டு முடித்துவிட்டா.

நேற்றுக் கண் கிளினிக் நாள். வழக்கம்போல நாம் இருவரும் உட்காரும் வாங்கில் உங்கள் இடத்துக்கு, முகம் துடைக்கும் என் லேஞ்சியைப் போட்டுப் பிடித்து வைத்திருந்தேன். கன நேரம் பார்த்துவிட்டு ஒரு மனிசி கேட்டா: "ஐயா, ஆள் வருமோ? இல்லாட்டி லேஞ்சிதான் டொக்டரிட்டக் காட்டப் போகுதோ?" நான் வெட்கப்பட்டு லேஞ்சியை எடுத்துவிட்டேன்.

போன மாதமும் நீங்கள் வரவில்லை. அது நோன்பு என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த மாதம் என்ன காரணம் என்று தெரியவில்லை. தொலைபேசியில் கேட்க ஏலாது. உங்கள் காது போன பிறகு கடிதம்தான் நமக்குக் கதை. அதில் எனக்குக் குறையும் இல்லை. வானிலை நிலையத்தில் நாம் ஒன்றாக அவதானிகளாக இருந்த காலத்தில், நீங்கள் கதைக்கும் வேகத்துக்கு நான் ஒரு வசனத்தையும் முடித்ததில்லை. இப்போதுதான் முற்றுப்புள்ளி வரை போக முடிகிறது.

ஒன்று கேட்கலாமா? உங்கள் போன கடிதத்தில் எல்லா வரிகளும் தாளின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டன. வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. முன்பெல்லாம் விளிம்புவரை எழுதி, இடம் போதாமல் கடைசிச் சொல்லை மேலே ஏற்றிவிடுவீர்கள். இது சும்மா ஒரு பழக்கமாகவும் இருக்கலாம். நான் தேவையில்லாமல் யோசிக்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும்.

துளி மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நம் இருவருக்கும் வந்திருக்கும் கண் அழுத்தம் நோவு தராது, பக்கத்திலிருந்து மெல்லத் தின்னும், தின்றது திரும்பி வராது என்று டொக்டர் சொன்னதை உங்களுக்கு எழுதிக் காட்டியவன் நான்தான். அதனால்தான் கேட்கிறேன். கோபிக்க வேண்டாம்.

என்றும் அன்புடன்,
இராஜநாயகம்


கிண்ணியா
2024 மே 13

என்ட நாயகத்துக்கு,

சலாம். லேஞ்சிக்கு மருந்து எழுதித் தந்தாங்களா? அதன் கண் எப்படி இருக்கிறது?

நான் சுகம். முன்னையவிடச் சுகம். கேளுங்கள். நோன்பில் கண்ணுக்குத் துளி விடலாமா கூடாதா என்று ஆளுக்கொரு கதை. பள்ளி மௌலவி, "கூடும் ஹாஜியார், போடுங்க" என்றுதான் எழுதிக் காட்டினார். என் மனம்தான் ஒப்பவில்லை. சஹருக்கும் இப்தாருக்கும் போடலாம் என்றால் மறந்துபோனேன். கடைசியில் பார்த்தால் நோன்பு முடிந்துவிட்டது, கண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலும் இல்லை.

அந்த நேரம்தான் மருமகன் ஸஜ்ஜாத் 'நயனாமுதத் துளி' கொண்டுவந்தான். தேன், முருங்கைப்பூ, ஆழ்கடல் உப்பு. கம்பனியில் அவன் இப்போது ஏஜன்ட். பிள்ளை ஓட்டோவை விற்றுவிட்டு அதில் இறங்கியிருக்கிறான். ஆங்கில மருந்தை விட்டவர்களுக்குத்தான் இது முழுதாக வேலை செய்யுமாம். நான்தான் ஏற்கனவே விட்டாச்சே!

"நானா சும்மா நம்பிவிட்டார்" என்று இப்போது வாய்க்குள் சொல்லுவீர்கள். நானும் அவதானிதான் ஐயா. வாசல் சுவரில் தொழுகை நேரக் கலண்டர் தொங்குகிறது. தினமும் சுபஹு தொழுதுவிட்டு அதே கதிரை, அதே தூரம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வாசிக்கிறேன். முதல் கிழமை மாதத்தின் பெயர் மட்டும் தெரிந்தது. இப்போது அடியில் கிடக்கும் அச்சகத்தின் பெயர்வரை வாசிக்கிறேன். வலக்கண்ணாலும்தான்!

ஜூலை மாதம் டவுனில் ஒரு மண்டபத்தில் பெரிய கூட்டம் வைக்கிறார்கள். மேடையில் ஏறிச் சாட்சி சொல்ல என்னைக் கேட்டிருக்கிறார்கள். காது கேளாதவனுக்கு மைக் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டார்கள், பார்த்தீர்களா? நீங்களும் இந்தத் துளியைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். ரெண்டு அவதானி சொன்னால் ஊர் கேட்கும்.

பயப்பட வேண்டாம். சூறாவளி அன்றைக்குக் காற்றுமானிக் கம்பத்தில் ஏறினவன் நான். கீழே நின்று "நானா இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று அழுதவர் நீங்கள். இப்பவும் அதே மாதிரித்தான்.

ஜவ்பர்


திருகோணமலை
2024 மே 22

அன்பின் ஜவ்பர் நானா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இன்பமலர், "அனுப்புறதெண்டா அனுப்புங்கோ, இல்லாட்டி அந்தாளிட்டப் பஸ் ஏறிப் போங்கோ" என்று சொன்ன பிறகு முடிக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. தேனைப் பற்றியோ முருங்கைப்பூவைப் பற்றியோ எனக்குப் பகை இல்லை. வீட்டில் முருங்கைப்பூ வறை வைத்தால் இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிறவன். ஆனால் நீங்கள் அவதானி என்று எழுதியதால் அவதானியாகவே பதில் எழுதுகிறேன்.

அந்தக் கலண்டரை நீங்கள் எத்தனை விடியலாக வாசிக்கிறீர்கள்? அது அதே கலண்டர். அச்சகத்தின் பெயர் அடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வாசிக்கக் கண் தேவையில்லை நானா. நேற்றைய மழையின் அளவை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய மழைமானியைப் பார்க்கிற அவதானியை நாம் என்ன சொல்லித் திட்டினோம்?

நிலையத்துக்குப் புதுக் கருவி வந்தால் நாம் இருவரும் தனித்தனியாக வாசிப்போம். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகுதான் ஒப்பிடுவோம். அந்த ஒழுங்கை எனக்குப் பழக்கியது நீங்கள். இங்கே வாசித்தவரும் நீங்கள், சரிபார்த்தவரும் நீங்கள்.

அவர்களுடைய துண்டுப்பிரசுரம் ஒன்று கடையில் கிடைத்தது. கண் தெளிந்தால் துளியின் பலனாம். கண் சிவந்து மங்கினால் "நோய் வெளியேறுகிறது", அதுவும் துளியின் பலனாம். பெய்தாலும் மழை காட்டும், வெயில் எறித்தாலும் மழை காட்டும் கருவி நம்மிடம் இருந்திருந்தால் அன்றைக்கே கழற்றித் திருப்பி அனுப்பியிருப்போம். அந்தப் பிரசுரத்தை உங்களுக்கு அனுப்பத்தான் பையில் வைத்திருந்தேன். கடற்கரைப் பக்கம், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து இழுத்துத் தின்றுவிட்டது. அதற்குக் கண் நன்றாகவே தெரிகிறது.

ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். நீங்கள் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருங்கள். மகள் ஷாமிலா உங்கள் பின்னால் நின்று, வலப்பக்கமிருந்து தன் கையை மெல்ல முன்னுக்குக் கொண்டுவரட்டும். கை தெரிந்ததும் சொல்லுங்கள். அவ்வளவுதான். கலண்டர் நேர்ப் பார்வையைத்தான் காட்டும். நமக்கு வந்திருக்கும் நோய் அங்கே தொடங்குவதில்லை.

நான் பிழையாக இருந்தால், எல்லோர் முன்னிலையிலும் அந்தத் துளியை என் கண்ணில் விடுகிறேன்.

அன்புடன்,
இராஜநாயகம்


கிண்ணியா
2024 ஜூன் 3

இராஜநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஷாமிலா வாசித்துவிட்டு, "வாப்பா, ஒருக்காச் செஞ்சு பாப்பமே" என்று எழுதிக் காட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போ என்று அனுப்பிவிட்டேன். என் வீட்டில் என்னைப் பரீட்சை வைக்க நான் பாலர் வகுப்பா?

உங்கள் கண்ணும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டுதான் போகிறது. நான் தப்பிப் போவது உங்களுக்குப் பொறுக்கவில்லையோ என்று யோசிக்கிறேன். இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதிவிட்டேன்.

ஸஜ்ஜாத் தொழிலை விட்டுவிட்டு இதில் இறங்கியவன். மாமா மேடையில் ஏறுவார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அவன் முகத்தில் நான் கரி பூச ஏலாது.

ஜூலை பதினான்காம் தேதி கூட்டம். உங்களுக்குச் சொல்ல ஏதும் இருந்தால் தபாலில் அனுப்பாமல் அங்கே வந்து, சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள். வேலை செய்த காலம் முழுக்க ஒரு கூட்டத்தில் கை தூக்காத மனிதர் நீங்கள். உங்கள் லீவுக்கும் நான்தானே போய்க் கேட்டேன்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

எம். ஜவ்பர்


திருகோணமலை
2024 ஜூன் 28

அன்பின் நானா,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆகவே இதில் கண்ணைப் பற்றி ஒன்றும் இல்லை. கச்சான் காற்று கடுமையாக வீசுகிறது. துறைமுகத் தண்ணீர் காலையிலேயே நுரைத்துக் கிடக்கிறது.

பதினான்காம் தேதி வருவேன்.

இராஜநாயகம்


கிண்ணியா
2024 ஜூலை 17

நாயகம்,

எனக்கு ஓர் உதவி வேண்டும்.

அன்றைக்கு அந்த மேடையில் நான்தான் நின்றேன். ஆனால் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. காதால் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணால் கண்டதும் பாதி. ஸஜ்ஜாத் ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறான், ஷாமிலா ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டு றிஷானா வேறு ஒரு கதை. நான் யாருக்கோ கை நீட்டி அடித்ததாகவும் ஒரு கதை சந்தையில் உலாவுகிறது.

கண்டதை மட்டும் எழுதுகிறவர் நான் அறிய ஒருவர்தான். அவதானக் குறிப்பு எழுதுவது போல எழுதுங்கள். எனக்காக ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஜூன் மாதம் நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஜவ்பர்


திருகோணமலை
2024 ஜூலை 21

அன்பின் ஜவ்பர் நானா,

கிழித்துவிட்டேன். கேட்டபடி எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. குச்சவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வந்த எல்லோருக்கும் ஒரு சின்னக் குப்பி இலவசம். நான் முன்வரிசையில் வலக்கோடிக் கதிரையில் இருந்தேன். அங்கிருந்து மேடைப் படி கிட்ட. ஒரு மட்டையில் என் கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டால் தூக்கிக் காட்டலாம் என்று. நாக்கு வீட்டிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

முகாமையாளர் இராகுலன் என்பவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். இந்த வெயிலிலும் கோட் போட்டிருந்தார். திரையில் பழுதான கண்ணும் நல்ல கண்ணும் மாறி மாறி வந்தன. இரண்டும் ஒரே ஆளுடைய கண் என்று அவர்தான் சொன்னார். பிறகு உங்களைக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, தொப்பி. நீங்கள் நடந்து வந்த நடையைப் பார்த்துக் கூட்டம் தானாகக் கை தட்டியது. அதையும் நான் குறிக்க வேண்டும்.

எழுத்துப் பலகையை எல்லா வரியும் வாசித்தீர்கள். அது உண்மையான வாசிப்புத்தான். நேர்ப் பார்வை உங்களுக்கு இன்னும் இருக்கிறது.

"ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று இராகுலன் கேட்டார். நான் கை தூக்கினேன். அவர் என் கையைக் கண்டார், கண்டுவிட்டு எனக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். நான் கையை இறக்கவில்லை. இறக்க மறந்துவிட்டேன் என்பதே சரியாக இருக்கும். அவர் மைக்கை உங்களிடம் தந்துவிட்டார். நீங்கள் பேசத் தொடங்கினீர்கள். கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது, கண்ணில் பட வேண்டும். ஆகவே படியில் ஏறினேன். உங்கள் வலப்பக்கம், கை நீட்டினால் தொடக்கூடிய இடத்தில், தூக்கிய கையோடு நின்றேன்.

நீங்கள் என்னைக் காணவில்லை.

அந்த நேரம் நீங்கள் சொன்ன வசனம் இது: "இந்தத் துளி போட்ட நாளையிலிருந்து, என்னச் சுத்தி ஒரு ஈ பறந்தாலும் எனக்குத் தெரியும்!" மண்டபம் சிரித்தது. உங்கள் பகிடிக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நீங்களும் சிரித்தீர்கள். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. ஓர் ஆள் ஈ மாதிரி நிற்கிறாரே என்று. உங்களை நான் சனத்துக்கு முன்னால் சிறுமைப்படுத்திவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கிவிடலாம் என்று ஒரு கால் பின்னுக்குப் போனது. முகாமையாளரும் கிட்ட வந்து ஏதோ சொன்னார். அது முக்கியமில்லை.

பெண்கள் பக்கமிருந்து ஷாமிலா எழும்பினாள். "வாப்பா! வலப்பக்கம் பாருங்க வாப்பா!" என்று கத்திக்கொண்டே கையால் காட்டினாள். கையைக் கண்டு நீங்கள் திரும்பினீர்கள். திடுக்கிட்டு, மைக்கிலேயே, "யா அல்லாஹ்! நாயகம், எப்ப வந்தீங்க?" என்று கேட்டீர்கள். முன்னால் இருந்த ஒருவர், "அவர் வந்து கன நேரம் நானா, நீங்கதான் காணல்ல!" என்றார். உங்களுக்குக் கேட்கவில்லை. நான் மட்டையைத் திருப்பி, "இங்கேதான் நின்றேன்" என்று எழுதிக் காட்டினேன்.

அதை வாசித்துவிட்டு நீங்கள் நின்ற நிலையை என்னால் அளந்து எழுத முடியாது. சனம் சிரிப்பதை நிறுத்தியது. பிறகு நீங்கள் சபையை நேரே பார்த்து நின்றுகொண்டு, "நாயகம், கையைக் கொண்டு வாங்க. கண்டாச் சொல்லுவன்" என்றீர்கள்.

கொண்டுவந்தேன். தோளுக்கு நேரே வந்தது. கன்னத்துக்கு நேரே வந்தது. என் விரல் உங்கள் மூக்குக்குக் கிட்ட வந்த பிறகுதான், "ஓம், இப்ப" என்றீர்கள். இடப்பக்கம் பரவாயில்லை, அங்கே கன்னத்துக்கு நேரே கண்டீர்கள்.

அதன் பிறகு நீங்கள் பேசியதை, ஷாமிலா உடனே எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்: "சபையோரே, முன்னச் சொன்னத நான் வாபஸ் வாங்குறன். நான் பொய் சொல்லல்ல, பிழையா வாசிச்சிட்டன். கலண்டரப் பாடமாக்கி வச்சிக்கிட்டுக் கண் தெரியுது எண்டு சொல்லியிருக்கன். இந்தத் துளி எனக்கு ஒண்டும் செய்யல்ல. ஆனா இத நம்பி மத்தத் துளிய விட்டன் பாருங்க, அதுலதான் இந்தப் பக்கம் போச்சு. கிளினிக் மருந்து போடுறவங்க தயவு செஞ்சு விட்டுடாதீங்க. என்னப் பாருங்க, என்னத்தான் சாட்சிக்கு ஏத்தினாங்க!"

இனி உங்களுக்குத் தெரியாத ஒன்று. இரண்டாவது வசனத்திலேயே மைக்கை நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு அது தெரியவில்லை. நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனீர்கள். அந்தக் காலத்தில் காற்றுக்கு மேலால் கம்பத்திலிருந்து எனக்கு எண் சொல்லிக் கத்திய அதே குரல். கடைசி வரிசைக்கும் கேட்டது, வெளியே நின்ற ஓட்டோக்காரர்களுக்கும் கேட்டது. இராகுலன் மைக்காரரைப் பார்த்து, "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கை காட்டிக்கொண்டே நின்றார். அவர் பாவம், "சேர், எப்பவோ நிப்பாட்டியாச்சு" என்றார்.

பலர் இலவசக் குப்பியைக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் இல்லை. சிலர் வாங்கவும் செய்தார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். ஸஜ்ஜாத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். படியில் இறங்கும்போது உங்கள் வலக்கையைப் பிடித்தவர் அவர்தான். நீங்கள் ஷாமிலா என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் யாரையும் அடிக்கவில்லை.

குறிப்பு இவ்வளவே. இனி எழுதுவது குறிப்பில் சேராது. நீங்கள் சூறாவளியில் கம்பத்தில் ஏறியதைக் கீழே நின்று பார்த்தவன் நான். அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அதைச் சொல்ல மாட்டேன். சொல்ல இதைவிடப் பெரியது ஒன்று என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
இராஜநாயகம்


கிண்ணியா
2024 ஓகஸ்ட் 2

என்ட நாயகத்துக்கு,

எழுத்துப் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாளை இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது விளிம்புவரை போகிறேன், பார்த்தீர்களா?

ஷாமிலா என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வலக்கண்ணில் போனது போனதுதானாம். இடக்கண்ணை வைத்துக் காப்பாற்றலாம் என்கிறார். இரவும் காலையும் துளி போடுவது இப்போது என் மனைவி உம்மு குல்சுமின் வேலை. நான் வாயைத் திறந்தால், "வாயில இல்ல, கண்ணத் திறங்க" என்று எழுதிக் காட்டுகிறா.

ஸஜ்ஜாத் ஒரு கிழமை என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சக் குப்பிகளைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டான். இப்போது வாடகை ஓட்டோ ஓடுகிறான். நேற்று முன்கதிரையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். என் பேரைச் சொல்லித்தான் சனம் ஏறுகிறதாம். "கத்தின நானாட மருமகனா?" என்று கேட்கிறார்களாம்.

உங்கள் குறிப்பு கிடைத்தது. சத்தமாக வாசிக்கச் சொன்னேன், எனக்குக் கேட்காது என்பதை மறந்து. வீடே கேட்டது. நானே நாலைந்து தரம் வாசித்தேன்.

ஆனால் ஐயா, நமது ஒழுங்கின்படி இரண்டாவது அவதானியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வாசிப்பு விடுபட்டிருக்கிறது. முகாமையாளர் கிட்ட வந்து ஏதோ சொன்னார், அது முக்கியமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது "ஐயா, கீழ இறங்குங்க" என்று ஷாமிலா எழுதிக் காட்டினாள், என் கையிலிருந்த மைக்கில் கேட்டதாம். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து, தூக்கிய கையை இறக்காமல், "ஏலாது" என்று சொன்னீர்களாம். அவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்தபோது, இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னொரு தரம்.

நான் முழுக் காலமும் உங்களோடு வேலை செய்தவன். மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் ஓம், மழைக்குள் போகச் சொன்னாலும் ஓம். உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கவில்லை. காது போய் இத்தனை வருடத்தில் அதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை நாயகம். அந்த ஒரு சொல்லுக்காக அழுதேன்.

அடுத்த கிளினிக்குக்கு நேரத்தோடு போய் லேஞ்சியைப் போடுங்கள். வாங்கில் இந்தத் தரம் நீங்கள் என் இடப்பக்கம் இருக்க வேண்டும். எனக்கு உங்களைக் கண்டுகொண்டு இருக்க வேணும்.

ஜவ்பர்